வாங்கிட்டேன் என்று சொல்லும்வரை

எங்கள் வீட்டு மாடியில் ஐந்து வருடம் குடியிருந்த அக்கா எதையும் கையில் கொடுத்துவிட்டு உடனே போக மாட்டார். ஒரு கிண்ணம் மோர்க்குழம்பு கொண்டுவந்தாலும் அப்படித்தான். நான் வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினால் பின்னாலிருந்து குரல் வரும்.

“வாங்கிட்டேன்னு சொல்லு.”

“கையிலதான் இருக்குதே அக்கா.”

“கையில இருக்குதுன்னு எனக்குத் தெரியுது. மனசுல ஏறிச்சான்னு தெரியணுமில்ல?”

சொன்ன பிறகும் போக மாட்டார். வாசற்படியில் நிற்பார். கிண்ணத்தை நான் எங்கே வைக்கிறேன், மூடுகிறேனா, பூனை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வேறு ஏதாவது பேசுவார். பத்து நிமிடம் ஆனதும் தானாக மாடி ஏறிவிடுவார். என் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறவர். வண்டியை வெளியே எடுக்கும்போது மாடியைப் பார்த்து, “மேடம், டவர்ல இருந்து உத்தரவு குடுத்தா கிளம்பிடுவேன்” என்பார். அக்கா சிரிக்காமல், “பின்னாடி கோழி நிக்குது தம்பி” என்பார். நிஜமாகவே நிற்கும்.

அவர் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். வானத்தில் போகிற விமானங்களுக்கு, நீ இந்த உயரத்தில் போ, நீ இந்தப் பக்கம் திரும்பு என்று கீழே உட்கார்ந்து வழி சொல்லும் வேலை. பல வருடம் அதைச் செய்த பிறகு வேறு பிரிவுக்குப் போயிருக்கிறார். வழி சொல்கிறவர்கள் உட்காரும் அறை, அவர்கள் பார்க்கும் திரை, கேட்கும் மணி, இதெல்லாம் எப்படி அமைந்தால் மனுஷன் தப்பு செய்யாமல் இருப்பான் என்று யோசிக்கிற பிரிவு. நான் பத்தாவதுவரை படித்தவள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

சொந்த ஊர் மேல்சித்தாமூர். ஜைனக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையை முன்னதாகவே விட்டுவிட்டு வந்தபோது பூர்வீக வீட்டில் தம்பி குடும்பம் இருந்தது. அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று செஞ்சியில் எங்கள் மாடிக்கு வந்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். நாங்கள் விளக்கு வைத்து ஜெபமாலை சொல்லும் நேரத்தில் அவர் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ராஜகிரி மலைப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு விமானம் போகும்.

“இப்ப ஒருத்தன் கீழ இருந்து சொல்லியிருப்பான். மேல இருக்கறவன் அதையே திருப்பிச் சொல்லியிருப்பான். அதனாலதான் அது போயிட்டிருக்குது” என்பார்.

“கடவுள் காப்பாத்தறதாலன்னு நாங்க சொல்லுவோம் அக்கா.”

“சொல்லு, நான் வேணாங்கல. கடவுளுக்கும் கொஞ்சம் வேலையக் கொறைச்சுக் குடுக்கலாமேன்னு பாக்கறேன்.”

ஒருமுறை பங்குச் சாமியார் வீடு மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தபோது அவருக்கு உப்புப் போட்ட காபியைக் கொடுத்துவிட்டேன். சர்க்கரைக்கும் தூள் உப்புக்கும் ஒரே மாதிரி இரண்டு டப்பா வைத்திருந்தேன். சாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு ஆண்டவரை நினைத்தோ என்னவோ மீதியையும் குடித்துவிட்டார். அவர் போனதும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். “கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது உனக்கு?” சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். இரண்டு டப்பாவையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“தம்பி, அவ கண்ணத் திட்டாதீங்க. டப்பாவத் திட்டுங்க. ஒரே மாதிரி ரெண்டு பொருள் பக்கத்துல பக்கத்துல இருந்தா, அவசரத்துல யாரா இருந்தாலும் மாத்தித்தான் எடுப்பாங்க. இன்னிக்கு இவ, நாளைக்கு நீங்க.”

உப்பு டப்பாவின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றினார். “இனிமே கண்ணு வேணாம். கையே பாத்துக்கும்” என்றார். அந்த ரப்பர் பேண்ட் இன்றும் இருக்கிறது. அறுந்தால் வேறு போட்டுவிடுவேன்.

யார் செய்தது என்று யாராவது கேட்டால் அவருக்குப் பிடிக்காது. “யாருன்னு கேட்டா ஒரு ஆளு கெடைப்பான். எப்படின்னு கேட்டாத்தான் ஓட்டை கெடைக்கும்” என்பார்.

அந்தப் பத்து நிமிடக் கதையை மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சொன்னார். அவர்கள் வேலையில் ஒருவர் எழுந்து இன்னொருவர் உட்காரும் நேரம்தான் ஆபத்தாம். எழுந்தவர் தன் தலையில் வைத்திருந்ததை எல்லாம் சொல்லிவிட்டதாக நினைப்பார். உட்கார்ந்தவர் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைப்பார். நடுவில் ஒன்று விழுந்திருக்கும். அதனால் எழுந்தவர் வீட்டுக்குப் போகாமல் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் பத்து நிமிடம் நிற்க வேண்டும்.

“வாங்கினவங்க வாங்கிட்டேன்னு சொல்ற வரைக்கும், அது குடுத்தவங்க கையிலதான் இருக்குது. கீழ வச்சிட்டுப் போக முடியாது” என்றார்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். அவரோடு வேலை பார்த்த ஒரு பையன், இரண்டு விமானங்களைக் கிட்டக்கிட்ட வர விட்டுவிட்டான். ஒன்றும் ஆகவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. அவனாகவே போய் எழுதிக் கொடுத்தான். மேலே இருந்தவர்கள் அவனுக்குத் தண்டனை கொடுத்துத் தூரமாகத் தூக்கிப் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் வெகுநாள் ஒரு தப்பும் நடக்கவில்லை.

“நல்லதுதான அக்கா” என்றேன்.

“மேல இருந்தவங்களும் நல்லதுன்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் தூக்கம் போச்சு. தப்பு நடக்கறது நிக்கல. சொல்றது நின்னு போச்சு.”

என் மகள் ஜெனி பிறந்தது அவர் வந்த முதல் வருடத்தில். பாதி வளர்ந்தது மாடியில்தான். “மாடி பெரிம்மா” என்று கூப்பிடுவாள். பள்ளிக்கூட வேன் வரும்போது நான் சமையலில் இருந்தால் அக்காதான் அவளை ஏற்றிவிடுவார். வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணிடமும், “வாங்கிட்டேன்னு சொல்லும்மா” என்பார். அந்தப் பெண் வாய்க்காரி. “வாங்கிட்டேன் மேடம், எங்க கையெழுத்து போடணும்?” என்பாள். அக்கா அதற்கும் கோபப்பட மாட்டார். வேன் திரும்பும்வரை நிற்பார்.

அவர்கள் ஆட்களுக்கு வருடத்தில் ஒரு நாள் உண்டு. தெரிந்தவர், பழகினவர் எல்லாரிடமும் போய் மன்னிப்புக் கேட்கிற நாள். ஆவணி, புரட்டாசி வாக்கில் வரும். அன்று காலையிலேயே இறங்கி வந்து எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் கைகூப்பி, “தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்கு ஏதாவது பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க” என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். நாங்கள் சாமியாரிடம் மண்டியிட்டு மெதுவாகச் சொல்வதை இவர் நடுவீட்டில் நின்று சொல்கிறாரே என்று. ஜெனிக்கு முன்னாலும் குனிந்து கைகூப்புவார். அவள் மட்டும்தான் ஒழுங்காகப் பதில் சொல்வாள். “வாங்கிட்டேன் பெரிம்மா.”

என் நாத்தனார் மகன் கோயிலில் முதல் நற்கருணையான புது நன்மை வாங்கிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் விருந்து. ஜெனிக்கு அப்போது நான்கு வயது. வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை கட்டலாம், போட்டோவில் நன்றாக இருக்கும் என்று சொன்னது நான்தான். மயில் நீலம். கடைவீதிக்குப் போய் ஆறு சேலை எடுத்து வந்ததும் நான்தான்.

கறி சமைக்கிற நாள் என்பதால் அக்கா கீழே வரவில்லை. பையனுக்கு ஒரு பேனா மட்டும் காலையிலேயே கொடுத்துவிட்டு மாடியில் இருந்துகொண்டார்.

கரண்ட் போயிருந்தது. மோட்டார் ஓடவில்லை. பின்னால் சமையல்காரர் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்பின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு வாளி போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பொங்குகிறது என்று யாரோ கூப்பிட, வாளியோடு ஓடியிருக்கிறார். நான் முன்வாசலில் ஜெனியை என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிறுத்தி, “பாப்பாவப் பாத்துக்கோங்க” என்றேன். அவர் போனில் இருந்தார். தலையை ஆட்டினார். நான் உள்ளே போனேன்.

அவ்வளவுதான். நான் பத்து நிமிடம் நிற்கவில்லை. வாங்கிட்டேன் என்று அவர் சொன்னாரா என்று கேட்கவில்லை. ஐந்து வருடம் ஒருவர் மாடியிலிருந்து இறங்கி இறங்கி வந்து சொல்லிக்கொடுத்ததை ஒரு சாப்பாட்டு அவசரத்தில் விட்டுவிட்டேன்.

சம்பிலிருந்து பிள்ளையை எடுத்ததைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டே பேச்சுதான். “நீதான விட்டுட்டுப் போன.” “உங்ககிட்டதான சொல்லிட்டுப் போனேன்.” விடிந்தால் அது, பொழுது போனால் அது. கோயிலுக்குச் சேர்ந்து போய்விட்டுத் தனித்தனியாகத் திரும்பினோம். நாத்தனார் வருவதை நிறுத்திவிட்டார். நான் அம்மா வீட்டுக்குப் போவதாகத் துணிமணியை எடுத்துவைத்துவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த அன்று அக்கா ஒரு பெரிய வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். எங்களைக் கேட்காமலே கூடத்தில் தரையில் உட்கார்ந்து தாளை விரித்தார். எங்கள் வீட்டை மேலே இருந்து பார்க்கிற மாதிரி வரைந்திருந்தார். கேட், முன்வாசல், பக்கத்துச் சந்து, அடுப்பங்கரைக் கதவு, பின்பக்கம், சம்ப்.

“யாருன்னு நீங்க ரெண்டு பேரும் முப்பது நாளா கேட்டாச்சு. இன்னிக்கு ஒரு நாள் எப்படின்னு கேப்போம். வாங்க, உக்காருங்க.”

என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். அவர் நின்ற இடத்தில் அவரையே ஒரு வட்டம் போடச் சொன்னார். போட்டார்.

“நான் தலைய ஆட்டினேன் மேடம். பஸ் ஸ்டாண்டுல இருந்து மச்சான் வழி கேட்டுட்டிருந்தான். அவனுக்கு ஆட்டினேனா, இவளுக்கு ஆட்டினேனா, எனக்கே தெரியல. கொஞ்ச நேரத்துல நீலச் சேலை உள்ள போச்சு. பாப்பா அம்மா கூடவே போயிட்டான்னு நெனச்சேன்.”

“சரி தம்பி. அந்தச் சேலை ஆறு பேர் கட்டியிருந்தாங்க. உங்க கண்ணு மேல தப்பில்ல.”

எனக்கு ஒரு வட்டம். சமையல்காரருக்கு ஒன்று. உப்புக் கொடுக்கப் பின்பக்கம் போன நாத்தனாருக்கு ஒன்று. கரண்ட் போனதை ஓரத்தில் எழுதினார். சம்புக்குப் பக்கத்தில், “மூடி தானா விழுந்து மூடிக்கற மாதிரி வெல்டர்கிட்ட சொல்லச் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். திரும்பக் கேக்கல” என்று தனக்கே சொல்லிக்கொண்டு எழுதினார். ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தார். இதில் ஏதாவது ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்கும் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முப்பது நாளில் முதல்முறையாக நான் அவர் தோளைத் தொட்டேன். அது அக்கா செய்தது. அதை மறுக்க மாட்டேன். இன்றைக்கு நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்றால் அந்தத் தாளால்தான்.

பிறகு அக்கா, மாடி என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

“இது நான்.”

எங்களுக்குப் புரியவில்லை.

“துணி எடுக்க வெளிய வந்தேன். பாப்பா சந்து வழியா பின்னாடி போனா, பாத்தேன். அவளுக்குப் பின்னால நீலச் சேலை போச்சு. நீதான்னு நெனச்சேன். உள்ள போயிட்டேன். அது உன் நாத்தனார், உப்பு டப்பாவோட அவசரமா போயிட்டிருந்தா. குழந்தை முன்னாடி போறத அவ கவனிக்கவே இல்ல.” அந்த வட்டத்திலிருந்தும் ஒரு கோடு இழுத்தார். “நான் நின்னு பாத்திருக்கணும். நிக்கல.”

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மாடியில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. இதை இன்றைக்கு எழுதுகிறபோது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது, பாத்தேன் என்ற ஒரு சொல் மட்டும்தான்.

“பாத்தியா?” என்றேன். அவரை நீ என்று அதுவரை நான் சொன்னதில்லை. “பாத்துட்டு உள்ள போனியா? ஊர் உலகத்துல போற பிளேனையெல்லாம் பாத்த. என் புள்ளைய நின்னு பாக்க முடியலயா உனக்கு?”

“இன்னா பேசற நீ” என்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். நான் உதறினேன். முப்பது நாள் அவர்மேல் இருந்ததை, என்மேல் இருந்ததை, எல்லாவற்றையும் சேர்த்து அந்த அக்கா தலையில் போட்டேன். எப்படி என்று கேட்கச் சொன்னவரிடம் யார் என்று கேட்டு, அவரையே ஆளாகப் பிடித்துக்கொண்டேன். அவர் பென்சிலைத் தாளின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆறு சேலை எடுத்தது யார் என்று அவர் அந்தத் தாளில் எழுதவே இல்லை. அது அவருக்குத் தெரியும். எடுத்துக்கொண்டுபோய் முதலில் காட்டியதே அவரிடம்தான்.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார். அவருடைய தம்பி வண்டி கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா கதவுக்கு வெளியே நின்று, “சாவிம்மா” என்றார். நான் உள்ளே நடுக்கூடத்தில் இருந்தேன். எழுந்திருக்கவில்லை. “சாவி” என்று மறுபடி ஒருமுறை கேட்டது. படியில் வைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். வண்டி கிளம்பிய பிறகு போய்ப் பார்த்தால் படியில் சாவி இல்லை. கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

மாடி பூட்டியே கிடந்தது. “பூட்ட உடைச்சி வேற ஆளு வைக்கலாம்” என்றார் என் வீட்டுக்காரர். இருக்கட்டும் என்றேன்.

அந்த வருடம் அவர்களுடைய மன்னிப்புக் கேட்கும் நாளில் அவர் பஸ் ஏறி வந்தார். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே கைகூப்பி நின்றார். இளைத்திருந்தார். கூப்பிடவில்லை. நான் போகவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் நின்றார். பிறகு கைகளை இறக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சாமியாரிடம் சொன்னேன். போய் அவரைப் பார்த்துவிட்டு வா என்றார். சரி சாமி என்றேன். மேல்சித்தாமூர் என்ன சீமையிலா இருக்கிறது. செஞ்சியிலிருந்து பஸ் போகிறது. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று இருந்தேன். பரலோக மந்திரம் சொல்லும்போது, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல என்று வருகிற இடத்தில் மட்டும் என் வாய் நின்றுவிடும். மற்றவர்கள் சொல்லி முடித்ததும் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன்.

போன மாதம் ஒரு காலையில் கேட்டில் ஆள் சத்தம். அக்காவின் தம்பி. மொட்டை அடித்த தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா தவறிட்டாங்கம்மா. ஒரு மாசம் ஆகப்போவுது. வயித்துல கட்டி. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிட்டாங்க.”

உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. சட்டைப் பையிலிருந்து மாடிச் சாவியை எடுத்தார். ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

“இத உங்க கையிலயே குடுக்கணும்னு சொன்னாங்க. குடுத்துட்டு உடனே வந்துடாதடா, அவ வாங்கிட்டேன்னு சொல்றாளான்னு கேட்டுட்டு வான்னாங்க.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “கேட்டுட்டுப் போய் நான் யார்கிட்டம்மா சொல்றது? ஆனா சொல்லியிருக்காங்களே, அதான் வந்தேன்.”

சாவி என் உள்ளங்கையில் இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. அந்த வீட்டு ரத்தம், நின்றார். வாங்கினவர் சொல்லும்வரை கொடுத்தவர் கையில்தான் இருக்கிறது என்று மொச்சை உரித்துக்கொண்டே அக்கா சொன்னாரே, அப்படியென்றால் கேட்டருகில் கைகூப்பி நீட்டிய மன்னிப்பைக் கீழே வைக்க முடியாமல் கடைசிவரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வலியோடு அதையும்.

“வாங்கிட்டேன்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். நான் மறுபடி சொன்னேன். அவரிடம் இல்லை. என் பிள்ளை சொல்கிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். வாங்கிட்டேன் அக்கா.

அவர் தெருமுனை திரும்பின பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் வெளியே வந்து, “இன்னும் இன்னாத்துக்கு இங்க நிக்கற, வெயில் ஏறுதே” என்றார்.

“பத்து நிமிஷம் ஆவட்டும்” என்றேன். அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.